ஆறிய இஞ்சினில் மூன்று விநாடி

சாவியைத் திருப்புவதற்கு முன்னால் தெய்வம் என்னைப் பார்க்கவில்லை, சுருளியைப் பார்த்தான். அதை நான் பார்த்துவிட்டேன். ஒரு கண் சாடைதான், இமைகூட முழுசாக இறங்கவில்லை, ஆனால் இருபத்தெட்டு வருஷமாக வால்வுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி பார்த்துப் பிழைத்தவன் கண்ணுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சுருளியின் ஜீப் நேற்றுச் சாயங்காலமே வந்து ஷெட்டில் நின்று, இஞ்சின் நன்றாக ஆறிக் கிடந்தது. ஆறின இஞ்சினில்தான் அந்தச் சத்தம் வருகிறதாம், அதுவும் ஸ்டார்ட் ஆன முதல் மூன்று விநாடிக்குத்தான் வருகிறதாம், பிறகு அதுவாக நின்றுவிடுகிறதாம். எவ்வளவு வசதியான சத்தம். நான் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்து, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினின் முன்கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு, ம் என்றேன். இஞ்சின் பிடித்தது. தடதடப்பு எலும்பில் ஏறியது, பழகின தடதடப்பு, வேறொன்றும் இல்லை, சத்தியமாக வேறொன்றும் இல்லை. ஆனால் எதிரே நின்ற சுருளி முகத்தைச் சுளித்தான். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் சுளித்தபடி இருந்தான், பிறகு முகம் தெளிந்தது. சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. "கேட்டுச்சா மாமா?" என்றான் தெய்வம். என் பெண்டாட்டி பவுன்தாயின் தம்பி, பதினோரு வருஷமாக இந்த ஒர்க்‌ஷாப்பில் எனக்குச் சரிபாதியாக நிற்கிறவன். "டேப்பெட் சத்தம்" என்றேன். "டேப்பெட் இல்ல மாமா, செயின். டைமிங் செயின் தொங்கிப்போச்சு. கடகடன்னு கவர்ல அடிக்குதுல்ல." சுருளி தலையை ஆட்டினான். "வியாழக்கெழமையே நான் சொன்னேன்லண்ணே" என்றான். சொன்னான்தான். அன்றைக்கும் இதே மாதிரி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான், நானும் இதே மாதிரி குனிந்து கேட்டேன், ஒன்றுமில்லை, வண்டி கல்லு மாதிரி இருக்கு, போ என்று அனுப்பினேன். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் அது ஏலக்காய்க் காட்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறி இறங்கியிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லையே. "முன்பக்கத்தத் தொறந்து பாத்துருவோம்" என்றான் தெய்வம். அவன் அதைச் சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. "தொறப்போம்" என்றேன். "நானே தொறக்குறேன். ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. செயின் நல்லா இருந்துச்சுன்னா, மாப்ள, நீ நாளையிலருந்து வேற எடம் பாத்துக்க." செயின் தேய்ந்திருந்தால் என்ன என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஆயில் பிளக்கைத் திறந்து தட்டை வைத்தேன். ஆயில் கறுப்பாக இறங்கியது. அது வடிகிற நேரம் மனசுக்கு வேலை இல்லாத நேரம், அதனால் கண்டதையும் நினைக்கிற நேரம். இந்த ஊர் ஒரு வருஷமாக வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டது. டீக்கடைக்காரர் என்னமோ முனகுகிறார், பஸ் கண்டக்டர் என்னமோ முனகுகிறார், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண் உதட்டை மட்டும் அசைக்கிறாள், நான் பேரிங் கேட்டால் புஷ் எடுத்துத் தருகிறாள், இல்லை நான்தான் அவள் கேட்டதற்குத் தப்பாகத் தலையாட்டிவிட்டேனோ என்னவோ. லாரிக்காரர்கள் மட்டும்தான் இன்னும் மனுஷர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். வீட்டில் பவுன்தாய் முன்னெல்லாம் அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் போட்டால் தெருக்கோடியில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறாள். நான் குத்துமதிப்பாக ஒரு பதில் சொன்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒண்ணுமில்ல என்கிறாள். அந்த ஒண்ணுமில்ல மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கிறது, ஏனென்றால் அதை முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அப்புறம் அந்தக் குக்கர். மூன்று மாதமாக எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதில்லை. வெயிட்டை மாத்துனியா என்று கேட்டேன். எதுக்கு மாத்தணும் என்றாள். சோறு என்னமோ சரியாகத்தான் வெந்திருந்தது. வடிசட்டியில் வடித்துவிட்டுக் குக்கரை அடுப்பின் மேல் சும்மா வைத்திருக்கிறாள் என்று ஒரு நாள் முடிவுக்கு வந்தேன். ஒரு நாள் சத்தமில்லாமல் போய் எட்டிக்கூடப் பார்த்தேன். குக்கருக்குள்தான் சோறு இருந்தது. அப்படியானால் விசிலை என்ன செய்தாள்? பெண்டாட்டி விசிலை ஒளித்து வைக்கிறாள் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் மனசில் குறித்துக்கொண்டேன்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். திரும்பும்போது அலமாரியில் அந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. புது டைமிங் செயின் செட். செயின், அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், அது உரசி ஓடுகிற இரண்டு கைடு, எல்லாம் பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருக்கிறது. இஞ்சினை இன்னும் திறக்கவே இல்லை, அதற்குள் சாமான் வந்து உட்கார்ந்திருக்கிறது. எப்போது வாங்கினான்? வெள்ளிக்கிழமை தேனிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பைக்கை எடுத்தானே, அப்போதுதான். அப்படியானால் வியாழக்கிழமை நான் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு இரண்டு பேரும் தனியாகப் பேசியிருக்கிறார்கள். எனக்கு மேல் ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். தெய்வம் இப்போது ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, வெள்ளை. வேலைக்கு வருகிறவன் வெள்ளைச் சட்டையா போடுவான்? வேலை என் தலையில் விழும் என்று வீட்டிலேயே தெரிந்திருக்கிறது. பக்கத்தில் சுருளி. இரண்டு பேர் வாயும் அசைகிறது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் நான் நிமிர்ந்தால் நிறுத்திவிடுகிறார்கள். போன வாரம் இதே தெய்வமும் அவன் அக்காளும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லைக்குப் போகிற மாதிரி போய்க் குழாயடியில் நின்றேன். துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. தேனி. செவ்வாய்க்கிழமை. காலையில பத்து மணிக்குச் சொல்லி வச்சிருக்கு. மாமாவுக்கு இப்ப தெரிய வேணாம். இவ்வளவுதான். இதற்கு மேல் என்ன வேண்டும்? தேனி பைபாஸில் தெய்வம் புதுக்கடை போடப் போகிறான். அக்காளும் தம்பியும் சேர்ந்து நாள் குறித்தாகிவிட்டது. கடை திறப்பதற்கு முன்னால் காசிமாயன், அதாவது நான், கண் அவிந்தவன், காது செத்தவன், நல்ல இஞ்சினுக்கும் கெட்ட இஞ்சினுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஊருக்குள் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டால் பாதி வண்டி தானாக அந்தப் பக்கம் திரும்பும். அதற்குத்தான் இந்த மூன்று விநாடிச் சத்தம். வேறு யாருக்கும் நிரூபிக்க முடியாத சத்தம். கெட்டிக்காரன்தான், நான் வளர்த்தவன் அல்லவா.

கிராங்க் புல்லியின் போல்ட்டு இறுகிக் கிடந்தது. ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி, தோளைக் கொடுத்து நெட்டினேன். அசையவில்லை. தெய்வம் எழுந்து வரப் பார்த்தான், உட்காரு என்று கையைக் காட்டினேன். இரண்டாம் தடவை நெட்டியபோது டக் என்று விட்டது, அது தோளுக்குத் தெரிந்தது. போல்ட்டு விடுகிற அந்த டக் எவ்வளவு இனிமையான சத்தம். அதைக் காதால் கேட்டேனா தோளால் கேட்டேனா என்று ஒரு கணம் யோசித்தேன், அந்த யோசனை பிடிக்காமல் புல்லியை வெளியே இழுத்தேன். இந்த ஊரில் வண்டிக்குக் காது வைக்கிறது என்றால் காசிமாயன்தான். அண்ணே கொஞ்சம் காது வைங்க என்றுதான் வருவார்கள், ரிப்பேர் பாருங்க என்று சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை மூணாறு பஸ் ஒன்று கடை வாசலைத் தாண்டிப் போனது, நான் டீயைக் குடித்துக்கொண்டே, இது போடிமெட்டு தாண்டாது, பின்சக்கரத்துப் பேரிங் போச்சு என்றேன். சாயங்காலம் அது நின்ற இடத்திலிருந்தே எனக்குப் போன் வந்தது. அந்தக் காது. அந்தக் காதுக்குக் கேட்காத சத்தம் ஒரு ஜீப் டிரைவருக்குக் கேட்குமாம். வியாழக்கிழமை நான் வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது சுருளி எதிர்த்துப் பேசவில்லை, சரிண்ணே நீங்க சொன்னாச் சரிதாண்ணே என்று போய்விட்டான். இப்போது நினைத்தால் அதுவும் சந்தேகமாக இருக்கிறது. உண்மையிலேயே சத்தம் கேட்டவன் அவ்வளவு சுலபமாகப் போவானா? போவான். காசிமாயன் காது வைத்துவிட்டுச் சொன்னால் போவான். அதை நினைக்காமல் இருந்தால் நல்லது. முன்கவரின் போல்ட்டுகளைக் கழற்றி, எது எங்கே என்று தெரிய அட்டையில் குத்தி வைத்தேன். நீளம் ஒன்று, குட்டை ஒன்று, மாறினால் கவர் வெடித்துவிடும். எல்லாப் போல்ட்டும் வந்தாகிவிட்டது. கவர் வரவில்லை. கம்பெனியில் வைத்த பேஸ்ட் கெட்டியாகப் பிடித்திருந்தது, இந்த இஞ்சினை அதுவரை எவனும் திறக்கவில்லை. பட்டைக் கத்தியைச் சந்தில் விட்டு ஓரமாக அறுத்துக்கொண்டே வந்தேன். அறுத்துக்கொண்டிருக்கும்போதே கை கொஞ்சம் மெதுவாகிவிட்டது. காலையில் எதுவும் சாப்பிடவில்லை, அதுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

கவரைத் தூக்கினேன். முதலில் கண்ணில் பட்டது கவரின் உட்பக்கம்தான். விரல் அகலத்துக்கு அலுமினியம் அறுபட்டுப் பளபளவென்று இருந்தது. புதுசாக அறுபட்ட உலோகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பழைய காயம் மங்கிப்போகும், இது மின்னியது. செயின் தொங்கிப்போயிருந்தது, ஒரு பக்கம் கையால் தூக்கினால் தூக்கின இடத்தில் நின்றது. கைடு பாதிக்கு மேல் இல்லை, உடைந்த பிளாஸ்டிக் துண்டுகள் கீழே ஆயில் சேற்றில் கிடந்தன. டென்ஷனரின் மூக்கு இருக்கிற பல்லையெல்லாம் தாண்டி முழுசாக வெளியே வந்து, இனித் தள்ள நீளமில்லாமல் நின்றது. ராத்திரி ஆயில் இறங்கிப்போய், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஆயில் அழுத்தம் ஏறுகிற வரைக்கும், மூன்று விநாடி, இந்தச் செயின் தொங்கிக்கொண்டு கவரில் அடிக்கும். கடகடவென்று அடிக்கும். ஷெட் முழுக்கக் கேட்கும். தெருவில் போகிறவனுக்குக் கேட்கும். நம்ப மாட்டேன் என்று ஒரு மூலை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது, ராத்திரி இவர்கள் வந்து பழைய செயினை மாட்டி வைத்துவிட்டார்கள் என்றது. கவரின் விளிம்பைத் தடவினேன். கம்பெனிப் பேஸ்ட். என் கையால் அறுத்த பேஸ்ட், இன்னும் கத்தியில் ஒட்டியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை முன்கவரில் ஊன்றிக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், செயின் அடிக்கிற இடத்துக்கு நேர் மேலே, ஒரு விரல் கட்டை தூரத்தில். எனக்குக் கேட்கவில்லை. பயம் என்றால் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பம்பரில் சாய்ந்துகொண்டேன். கீழே சுற்றுகிற கிராங்க்கையும் மேலே வால்வைத் திறக்கிற கேமையும் கட்டி வைத்திருப்பது இந்த ஒரு செயின்தான். இரண்டு பல் தாண்டினால் வால்வு பிஸ்டன் தலையில் இடிக்கும், இஞ்சின் அந்த நொடியே செத்துப்போகும். தரையில் செத்தால் இறங்கித் தள்ளலாம். மெட்டு ஏறும்போது, வளைவில், பதினாலு பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது செத்தால் ஸ்டீயரிங் இறுகிப்போகும், பிரேக்கு இரண்டு மிதி பிடிக்கும், மூன்றாவது மிதி கல்லு மாதிரி நிற்கும், வண்டி பின்னால் உருளும். வியாழன். வெள்ளி. சனி. கல்லு மாதிரி இருக்கு போ என்று சொன்னவன் நான். ஒன்றும் ஆகவில்லையே என்று காலையில் எவ்வளவு திமிராக நினைத்தேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, தினமும் அடித்துக்கொண்டிருக்கிறது. பவுன்தாய் சத்தமாகத்தான் பேசுகிறாள். ஊர் முனகவில்லை. செவ்வாய்க்கிழமை எவனாவது கடை திறப்பானா? நல்ல காரியத்துக்குச் செவ்வாயைத் தொடுகிற குடும்பமா அது? பத்து மணிக்குச் சொல்லி வச்சிருக்கு என்றால் டாக்டரிடம்தான் சொல்லி வைப்பார்கள். காது டாக்டர். தெரிய வேணாம் என்றது, தெரிந்தால் நான் போக மாட்டேன் என்பதற்காக. இதை ஒரு குழந்தைகூட அப்போதே புரிந்துகொண்டிருக்கும். தெய்வம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். கவரைப் பார்த்தான், கைடைப் பார்த்தான். நான் சொன்னேன் பார்த்தீங்களா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், அவனைத் திட்டியிருக்கலாம். அவன் பழைய செயினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அலமாரிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

நானே மாட்டினேன். அந்த வேலையில் தப்பு வராது, கைக்குத் தெரியும். கிராங்க்கின் புள்ளியை நேராக வைத்துப் பூட்டு ஊசியைக் குத்தினேன், கேம் சக்கரங்களின் புள்ளிகளை மேலே கொண்டுவந்தேன். புதுச் செயினில் கம்பெனிக்காரன் மூன்று கண்ணிக்கு வர்ணம் அடித்து அனுப்புவான், நீலக் கண்ணி கிராங்க் புள்ளியில் உட்கார வேண்டும், மஞ்சள் இரண்டும் கேம் புள்ளிகளில். உட்கார்ந்தது. புதுக் கைடு, புது டென்ஷனர், அதன் ஊசியை உருவினதும் செயின் விறைத்துக்கொண்டது. பூட்டு ஊசியை எடுத்துவிட்டு, ஸ்பேனரைப் போட்டு கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றினேன், எங்காவது இடிக்கிறதா என்று பார்க்க. இடிக்கவில்லை. போய் முகத்தைக் கழுவினேன். தண்ணீரைக் காதில் விட்டு விட்டுத் துடைத்தேன், கழுவினால் போய்விடுகிற அழுக்கு என்று நினைத்தேனோ என்னவோ. திரும்பி வந்தால் மஞ்சள் கண்ணி இரண்டும் புள்ளியில் இல்லை. நாலைந்து பல் தள்ளி நின்றன. நீலம் எங்கேயோ இருக்கிறது. தெய்வம் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான், கையில் துணி. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு நேரம் இருந்த பயம் ஒரே மூச்சில் கோபமாகித் தலைக்கு ஏறியது, ஏறினதில் ஒரு சுகமும் இருந்தது, அப்பாடா, கடைசியில் பிடிபட்டான். அவன் சட்டையைப் பிடித்தேன். "எதுக்குடா கை வச்ச? பல்லத் தள்ளி வச்சு என் கையால இஞ்சினக் கொல்லப் பாத்தியா? ஜனங்க ஏறுற வண்டிடா." அவன் வாய் அசைந்தது. நான் விடாமல் கத்தினேன், சுருளி ஓடி வந்தான், தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். தெய்வம் என் கையை எடுத்துவிடவில்லை. பிடித்த பிடியிலேயே ஒரு கையை நீட்டி, கேம் சக்கரத்தின் புள்ளியைத் தொட்டுக் காட்டினான். நேராக இருந்தது. கிராங்க்கின் புள்ளியைக் காட்டினான். அதுவும் நேராக இருந்தது. "நீங்கதான மாமா ரெண்டு சுத்து சுத்துனீங்க" என்றான், என் முகத்துக்கு நேராக, மெதுவாக. சுற்றினால் வர்ணக் கண்ணி நகர்ந்து போகும். சக்கரத்துப் புள்ளிகள் இரண்டு சுற்றில் திரும்பி வரும், கண்ணி வராது, எத்தனையோ சுற்றுக்கு அப்புறம்தான் வரும். இதைத் தெரியாமல் சின்னமனூர்க்காரன் ஒருத்தன் ஒரே இஞ்சினை இரண்டு தடவை பிரித்துப் போட்டான், அவனை வருஷக்கணக்கில் கேலி செய்தவன் நான். இந்த ஷெட்டில் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், மாட்டுறதுக்குத்தான் வர்ணம், மாட்டினப்புறம் வர்ணத்தை மறந்துரு, புள்ளியைப் பாரு என்று. புள்ளியைப் பார்க்கவே இல்லை நான். சட்டையை விட்டேன். வெள்ளைத் துணியில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. சரியாக இருக்கிற ஒன்று தப்பாக இருக்கிறது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், தப்பாக இருக்கிற ஒன்றைக் கல்லு மாதிரி இருக்கிறது என்று மூன்று நாளைக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. துணியை வாங்கி முகத்தைத் துடைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன். சுருளி தெருவில் நின்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் கவரைத் துடைத்து, புதுப் பேஸ்ட் தடவி மூட தெய்வமும் கை கொடுத்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் போல்ட்டை நீட்ட அவன் முறுக்கினான். பேஸ்ட் காய்கிற வரைக்கும் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆக விடாமல் கொஞ்ச நேரம் சும்மா சுற்றவிட்டு ஆயிலை மேலே ஏற்றினோம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தெய்வம் ஏறி சாவியைத் திருப்பினான். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. இஞ்சினைப் பார்க்காமல் சுருளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் முகத்தைச் சுளிக்கவில்லை. தெய்வம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டான், கட்டை விரலை உயர்த்தினான். எனக்குத் தடதடப்பு மட்டும் கேட்டது, காலையில் கேட்ட அதே தடதடப்பு, வியாழக்கிழமை கேட்ட அதே தடதடப்பு. செத்துக்கொண்டிருந்த செயினுக்கும் புதுச் செயினுக்கும் என் காதில் ஒரு வித்தியாசமும் இல்லை. சுருளி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான், பழக்கம் அப்படி, எல்லா வண்டிக்கும் கடைசி வார்த்தை நான்தான் சொல்வேன். நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போ என்பது நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. சொல்லிவிடலாம். இந்தத் தடவை அது உண்மையாகவே நல்லா இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இஞ்சினை அணைக்கச் சொல்லிக் கை காட்டினேன். "சுருளி" என்றேன். "வியாழக்கெழமை நீ சொன்னப்ப எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. இன்னைக்குக் காலையிலயும் கேக்கல. கேக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வண்டி நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்." அவனுக்குக் கோபமா என்று பார்த்தேன், கோபமாகத் தெரியவில்லை, எனக்குப் புதுசான வேறொரு முகம். "எங்க வீட்டுக்காரியும் அந்த வண்டியிலதாண்ணே போறா" என்றான். பக்கத்தில் நின்று சொன்னான், ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவன் திரும்பிக்கொண்டான். "தெய்வம், நீ சொல்லுப்பா, எடுத்துட்டுப் போகவா?" இருபத்தெட்டு வருஷத்தில் இந்த ஷெட்டில் அந்தக் கேள்வி இன்னொருத்தனிடம் போனது அன்றைக்குத்தான். தெய்வம் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டே, முதுகை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு என்னமோ சொன்னான். நான் கேட்டுவிட்டவன் மாதிரித் தலையை ஆட்டினேன். ஒரு வருஷமாக அப்படித்தான் ஆட்டுகிறேன். பாதி ஆட்டியதும் நிறுத்தினேன்.

"மாப்ள" என்றேன். "எனக்குக் கேக்கல. என்னா சொன்ன?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து என் முன்னால் வந்து நின்றான். "இன்னைக்கு விட வேணாம்னு சொன்னேன் மாமா. இங்கயே நின்னு ஆறட்டும். காலையில ஆறுன இஞ்சின்ல நான் ஒருக்கா கேட்டுட்டுத்தான் விடணும். நாளைக்குப் பொம்பளயாளுகளுக்கு வேற வண்டி சொல்லிக்கிடட்டும்."

சரி என்றேன். சுருளி சாவியை எடுத்து தெய்வம் கையில் கொடுத்தான்.